உன் சிவப்புப் பட்டியலில் உள்ள பதினொரு பேர்

தம்பி,

நீ நன்றாகத்தான் இருப்பாய். அதனால் நலம் விசாரிக்காமலே ஆரம்பிக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்துக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டு, தோசையைப் பிட்டபடியே உன் வேலையை எனக்குக் காட்டினாயே, அதற்கான பதில் இது. அன்றைக்கு நான் பாதித் தோசையைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்து போனேன். நீ கேட்டதற்கு அசிடிட்டி என்றேன். அசிடிட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. குமட்டிக்கொண்டு வந்தது. உன்னைப் பார்த்து வந்த குமட்டல் கொஞ்சம், என்னை நினைத்து வந்தது நிறைய. அதை நேரில் சொல்ல அப்போது எனக்குத் தைரியம் வரவில்லை. கூரியரில் அனுப்புகிறேன், சனிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். இன்னொரு பிரதி எங்கள் பக்கத்துச் செவிலியர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறு பத்திரிகைக்கும் போகிறது. வீட்டுக்குள் வைத்துப் பேச வேண்டியதை ஏன் ஊருக்குச் சொல்கிறாய் என்று உன் அப்பா கேட்டார். நான் செய்தது வீட்டுக்குள் செய்த காரியம் இல்லை என்றேன்.

ஒரு நிறுவனம் புதிதாக ஒரு மென்பொருளை வாங்கினால், அங்கே இருக்கிற ஊழியர்களை அதற்கு இணங்க வைப்பது உன் வேலை. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் இப்போது அதைச் செய்துகொண்டிருக்கிறாய். நர்ஸுகள் எல்லாரையும் மூன்று நிறமாகப் பிரித்திருந்தாய். மாறத் தயாராக இருப்பவர்கள் பச்சை, இழுப்பவர்கள் மஞ்சள், முரண்டு பிடிப்பவர்கள் சிவப்பு. சிவப்பில் பதினொரு பெயர், பக்கத்தில் வயது. ஒருத்தியைத் தவிர எல்லாரும் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். வரும் திங்கட்கிழமை அந்தப் பட்டியலை நிர்வாகத்திடம் கொடுக்கப் போவதாகச் சொன்னாய். கொடுத்தால் அவர்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். "ஒண்ணும் ஆவாதும்மா, மேனேஜ்மென்ட்ல கொஞ்சம் கவனிச்சுக்குவாங்க, அவ்ளோதான்" என்றாய். அந்தக் கவனிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நானே கவனித்திருக்கிறேன்.

பிறகு அடுத்த பக்கத்தைத் தள்ளினாய். இரண்டு கட்டம். ஒன்றில் எதிர்ப்பு, இன்னொன்றில் மன அழுத்தம், முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு ஓர் அம்புக்குறி. "எதிர்க்கிறவங்களுக்குத்தாம்மா ஸ்ட்ரெஸ் ஜாஸ்தி. ஏத்துக்கிட்டா தன்னால போயிடும்" என்று விளக்கினாய். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. மாற்றத்தை ஏற்காத மனநிலை, அதனால் மன அழுத்தம், அதனால் கவனக்குறைவு. அந்த வரியை நீ எங்கிருந்து எடுத்தாயோ தெரியாது. உன்னைப் போன்றவர்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறீர்கள் போலிருக்கிறது. அதே வரிக்குக் கீழே ஏழு வருடத்துக்கு முன்னால் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதைப் பார்த்த நிமிடத்தில் நீ கேட்டாய், அம்மா ஒரு ரெண்டு நிமிஷம் வீடியோ பேசிக் கொடேன், ஐம்பது வயசுக்கு மேல் எப்படி மாற்றத்தை ஏற்றுக்கொண்டு சூப்பரின்டென்டென்ட் வரைக்கும் போனாய் என்று, அவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறேன் என்று. அப்போதுதான் எழுந்து போனேன்.

கடலூரில் நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையின் பெயரை இங்கே எழுத மாட்டேன். அங்கே மாடி வார்டுக்கு நான் இன்சார்ஜ். இருபத்து நான்கு கட்டில். தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்து, ஓ.டி. என்கிற கடலூர் பழைய நகரத்தைத் தாண்டி இறங்கி, ஏழரைக்கு வார்டில் நிற்பேன். அப்போது நீ இன்ஜினியரிங் கடைசி வருடம். மருத்துவமனையை விரிவுபடுத்துகிறோம், இனிமேல் காகிதமே கிடையாது, எல்லாம் டேப்தான், கையில் பிடிக்கிற டேப்லெட், என்று ஒருநாள் அறிவித்தார்கள். சென்னையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். உன் வயதுதான் இருக்கும், ஒரே மாதிரி டீ-ஷர்ட், முகத்தில் கழுவினாலும் போகாத சிரிப்பு. எங்களைக் கூட்ட அறையில் வட்டமாக நிற்கவைத்து ஆளுக்கொரு பலூனைக் கொடுத்தார்கள். அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவால் பழைய பழக்கம் என்று எழுதி, ஊதி, குண்டூசியால் குத்தி உடைக்க வேண்டுமாம். அறுவை சிகிச்சை செய்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வராந்தாவில் ஆட்கள் படுத்திருக்கிறார்கள், இங்கே ஐம்பது வயதுப் பொம்பளைகள் பட்டாசு மாதிரி பலூன் உடைத்துக்கொண்டு கைதட்டுகிறோம். எனக்கு உள்ளுக்குள் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் முதல் பலூனை உடைத்தது நான்தான், நிர்வாகி எதிரில் நின்றுகொண்டிருந்தார். தேவகி அக்கா மட்டும் உடைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்துவிட்டு, போகிற போக்கில் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு குழந்தையிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மூவரில் ஒருத்தி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன். பழசை விட மனசில்லை என்று எழுதியிருப்பாள்.

தேவகி அக்காவை உனக்கு நினைவிருக்காது. கிள்ளையில் மீன்பிடிக் குடும்பம். என்னைவிட மூன்று வயது பெரியவர், படிப்பில் ஒரு படி கீழே, அதனால் பதவியில் எனக்குக் கீழே. அவரைத் தெய்வமாக்கி எழுதப் போவதில்லை. வாய் ஜாஸ்தி. புதிதாக வரும் பெண்களை அழவைக்காமல் விடமாட்டார். டாக்டர் எழுதியது தப்பு என்று தோன்றினால் நோயாளி முன்னாலேயே கேட்பார். ஆனால் டூட்டி மாறும்போது ஒப்படைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எங்கள் பேச்சில் அதற்கு ஓவர் கொடுப்பது என்று பெயர். போகிறவளும் வருகிறவளும் சேர்ந்து ஒவ்வொரு கட்டிலாக நடக்க வேண்டும். எந்த மருந்து கொடுத்தாயிற்று, எது பாக்கி, யாருக்கு மூத்திரம் இறங்கவில்லை, யார் சாப்பிடாமல் சாப்பிட்டதாகப் பொய் சொல்கிறார்கள், எல்லாம் கட்டில் பக்கத்தில் நின்று வாயால் சொல்வது. அக்கா போர்வையை விலக்கிக் காலைத் தொட்டுக் காட்டுவார். "காலையில இவ்ளோ வீக்கம் இல்ல, பாத்துக்க" என்பார். சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு வைத்திருப்பார். அதில் எழுதாமல் ஒரு ஊசி போட்டதில்லை.

புது முறையில் அதை நிறுத்தினார்கள். நேரம் வீணாகிறதாம். எல்லாம் திரையில் இருக்கும்போது வாயால் எதற்கு என்றார்கள். ஒரு நோயாளிக்கு நாற்பது கட்டம், எல்லாவற்றையும் நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. வார்டுக்கு இரண்டே டேப். கடைசிக் கட்டில்கள் இருக்கும் மூலையில் வைஃபை எடுக்காது. கொஞ்ச நேரம் தொடாமல் வைத்தால் திரும்ப முதலிலிருந்து பெயரும் பாஸ்வேர்டும் போட வேண்டும். தேவகி அக்கா இதையெல்லாம் கூட்டத்தில் எழுந்து சொன்னார். எழுத்து சின்னதாக இருக்கிறது என்றும் சொன்னார். கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். அது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரியும், ஏனென்றால் நான் கேட்கவே இல்லை. அன்றைக்கே அந்த மூவரின் பட்டியலில் அவர் பெயர் சிவப்புக்குப் போனது.

எந்த வார்டு டேப் பதிவில் முதலில் நூறு சதவீதம் எட்டுகிறதோ அந்த இன்சார்ஜுக்குத்தான் அடுத்த சூப்பரின்டென்டென்ட் பதவி என்று காதில் போட்டுவைத்திருந்தார்கள். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், வேண்டும் என்றால் அவ்வளவு வேண்டும். என் வார்டு எண்பது சதவீதத்திலேயே நின்றுகொண்டிருந்தது, காரணம் தேவகி அக்காவின் பெயரில் பதிவுகள் ஏறாததுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவருடைய பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு துண்டு பிளாஸ்திரியில் எழுதச் சொல்லி வாங்கினேன். ஊசி குத்திய இடத்தில் ஒட்டுவோமே, அந்த வெள்ளைப் பிளாஸ்திரி. அதை டேப்பின் முதுகில் ஒட்டினேன். யாருக்கு நேரம் கிடைக்கிறதோ அவர்கள் தேவகி பெயரில் உள்ளே போய்க் கட்டங்களை நிரப்புங்கள் என்று சின்னப் பெண்களிடம் சொன்னேன். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "எம் பேர்ல இன்னொருத்தி கையெழுத்துப் போட்ட மாதிரி ஆவாதா மேடம்?" என்று கேட்டார். என் பொறுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கொஞ்ச நாளில் வார்டே அந்தப் பெயரில்தான் ஓடியது. அவசரத்தில் யார் தன் பாஸ்வேர்டைத் தேடுவார்கள், முதுகைத் திருப்பினால் ஒன்று ஒட்டியிருக்கும்போது. அந்த மாதமே நூறு சதவீதம் வந்தது. கேக் வெட்டினோம். கேக் மேல் அந்த மென்பொருளின் பெயரைக் கிரீமில் எழுதியிருந்தார்கள். முதல் துண்டை நிர்வாகி எனக்கு ஊட்டினார், நான் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன்.

அந்த நாட்களில் தேவகி அக்கா டூட்டிக்கு வந்ததும் நேரே பாத்ரூமுக்குப் போவார். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்கும். தினமும். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பொட்டைச் சரிசெய்துகொண்டு வருவார். பிரஷர் ஏறியிருந்தது, கை நடுங்கியது, டேப்பை எடுத்தால் வியர்த்தது. பக்கத்து வார்டு இன்சார்ஜ் என்னிடம், பாவம், ஒருவாட்டி உட்கார்ந்து பேசேன் என்றாள். எல்லாம் நடிப்பு, டேப்பைத் தொடாமல் இருக்கச் சாக்கு என்று நான் சொன்னேன். வாந்தியை யாராவது நடிப்பார்களா? நான் ஒரு நர்ஸ். முப்பது வருடம் மற்றவர்களின் வாந்தியை முகம் சுளிக்காமல் துடைத்தவள். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் கூட வேலை செய்கிறவள் குடலே வெளியே வருகிற மாதிரி ஓங்கரிக்கிறாள், நான் இந்தப் பக்கம் நின்று சதவீதம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதுகூட எனக்கு என் மேல் காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

ஒருநாள் மதியம். பதினான்காம் கட்டிலில் புவனகிரிப் பக்கத்து விவசாயி ஒருவர், சர்க்கரை நோயாளி. பன்னிரண்டே முக்காலுக்கு, சாப்பாட்டுக்கு முன்னால், தேவகி அக்கா அவருக்கு இன்சுலின் போட்டார். குட்டி நோட்டில் எழுதினார். இரண்டு டேப்பும் வேறு ஆட்களிடம் இருந்ததால் திரையில் ஏறவில்லை. ஒன்றரைக்கு டூட்டி மாறியது. பழைய வழக்கப்படி கட்டில் பக்கம் நின்று சொல்லியிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். அன்றைக்கும் அக்கா பழக்கத்தில், மதிய டூட்டிக்கு வந்த சங்கீதா என்ற இருபத்து மூன்று வயதுப் பெண்ணை, "வா, ஒரு சுத்து வந்துடலாம்" என்று கூப்பிட்டார். நான்தான் தடுத்தேன். அந்த வழக்கம் முடிந்துவிட்டது, கிளம்புங்கள் என்று அனுப்பினேன். சங்கீதா டேப்பைப் பார்த்தாள். இன்சுலின் போடவில்லை என்று சிவப்பில் மின்னியது. வேண்டாம்மா, இப்பத்தான் போட்டாங்க என்று பெரியவருடைய மனைவி சொல்லியிருக்கிறார். திரையில் இல்லையே பாட்டி என்று சொல்லிவிட்டு இவள் இன்னொரு ஊசியைப் போட்டுவிட்டாள். பிறகு பழக்கதோஷத்தில் டேப்பின் முதுகைத் திருப்பி, தேவகியின் பெயரில் உள்ளே போய், போட்டாயிற்று என்று பதிவு செய்தாள். கொஞ்ச நேரத்தில் அவருக்கு வியர்த்து, பேச்சுக் குழறி, நினைவு தப்பிவிட்டது. குளுக்கோஸ் ஏற்றி, இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். பிழைத்தது எங்கள் புண்ணியத்தால் இல்லை.

இப்போது கேள். அவரைக் கீழே கொண்டுபோன கையோடு நான் வார்டுக்குத் திரும்பி வந்தேன். டேப்பை எடுத்தேன். முதுகில் இருந்த பிளாஸ்திரியை நகத்தால் சுரண்டிப் பிய்த்தேன். பசை போகவில்லை, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். உருட்டிக் குப்பையில் போட்டேன். யாரும் சொல்லித் தரவில்லை, யோசிக்கவும் இல்லை, கை தானாகச் செய்தது. இரண்டு நாள் கழித்து விசாரணை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தேவகி அக்கா எனக்கு எதிர் நாற்காலியில். "ரெண்டாவது ஊசி போட்டப்ப நான் யூனிஃபார்ம் மாத்திக்கிட்டிருந்தேன், அது யார் பதிஞ்சாங்கன்னு மேடத்துக்குத் தெரியும்" என்று அக்கா சொன்னார். என்னிடம் கேட்டார்கள், உங்கள் வார்டில் ஒருவர் பாஸ்வேர்டை இன்னொருவர் பயன்படுத்தும் பழக்கம் உண்டா என்று. இல்லை என்றேன். ஒரே சொல். அக்கா என்னைப் பார்த்தார், பிறகு மடியில் இருந்த நோட்டைப் பார்த்தார். அதை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சங்கீதாவை நான் முதல் நாளே தனியாகக் கூப்பிட்டு, வாயைத் திறந்தால் உன் வாழ்க்கை போச்சு என்று மிரட்டியிருந்தேன். அவள் அழுதாள், பேசவில்லை. பெரியவரின் மனைவியை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. இரண்டு ஊசியும் தேவகி போட்டது என்று எழுதிய அறிக்கையில் அந்த மூன்று துண்டு வரி இருந்தது. மாற்றத்தை ஏற்காத மனநிலை, அதனால் மன அழுத்தம், அதனால் கவனக்குறைவு. இன்சார்ஜ் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். உடல்நிலை காரணமாக விலகுகிறேன் என்று அக்காவிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். நாற்காலி எனக்கு வந்தது. நீங்களெல்லாம் அன்றைக்குப் பாயசம் சாப்பிட்டீர்கள்.

உன் அம்புக்குறிக்கு வருகிறேன். நீ ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடம் மாறியது நினைவிருக்கிறதா? நாம் கடலூர் வீட்டைக் காலி செய்துவிட்டுச் சிதம்பரம் வந்த வருடம். தினமும் காலையில் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்துக்கொள்வாய். புது இடம் பிடிக்கவில்லை, அடம் பிடிக்கிறான் என்று நான் முடிவு கட்டினேன். இரண்டு நாள் செல்லம், மூன்றாம் நாள் அடி. கரண்டிக் காம்பால் அடித்தேன், உன் தொடையில் தடித்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து உன் அப்பா உன்னைச் சைக்கிளில் உட்காரவைத்துக்கொண்டு போய்ப் பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பள்ளிக்கூடத்துக் கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பையன்கள் கதவைத் தள்ளித் திறந்து சிரிப்பார்களாம். நீ நாள் முழுக்க அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாய். அப்பா தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, தானே ஸ்க்ரூ டிரைவரோடு போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தார். மறுநாள் உனக்கு வயிற்றுவலி இல்லை. அப்போது உன்னை யாராவது நிறம் பிரித்திருந்தால் எந்த நிறத்தில் போட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார். பெற்ற பிள்ளையிடமே கேட்காமல் அடித்தவள், கூட வேலை பார்த்தவளிடம் எங்கே கேட்கப் போகிறேன்.

கம்ப்யூட்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயதாகிவிட்டது, புலம்புகிறாள் என்பாய். அந்த மென்பொருள் பிற்பாடு பல பேரைக் காப்பாற்றியது. ஒவ்வாத மருந்தை எழுதினால் உடனே தடுத்தது. டாக்டரின் கோழிக் கிறுக்கலிலிருந்து எங்களுக்கு விடுதலை கிடைத்தது. டேப் எண்ணிக்கையை இரண்டிலிருந்து ஆறாக்கினார்கள், மூலைக்கும் வைஃபை இழுத்தார்கள், கட்டிலோரம் ஓவர் கொடுப்பதையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். எல்லாம் அந்தப் பெரியவர் விழுந்த பிறகு. தேவகி அக்கா கூட்டத்தில் எழுந்து நின்று கேட்ட அதே விஷயங்கள், ஒன்று விடாமல். அவர் சொன்னதற்குப் பெயர் எதிர்ப்பு. ஆறு மாதம் கழித்து அதையே ஒரு ஆலோசகர் சொன்னார், அதற்குப் பெயர் மேம்பாடு. சிவப்பில் இருப்பவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சோம்பேறிகளும் இருப்பார்கள், வேண்டுமென்றே கெடுப்பவர்களும் இருப்பார்கள், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் வயிற்றைக் கலக்குகிற பயம் முதலில் வருகிறது, முரண்டு அதற்குப் பிறகு வருகிறது. நீ அதைத் தலைகீழாகப் போட்டு வைத்துக்கொண்டு அவர்கள் வியாதிக்கும் அவர்களையே குற்றவாளி ஆக்குகிறாய். அடித்துவிட்டு ஏன் அழுகிறாய் என்று கேட்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இதை ஒரு படிப்பாகச் சொல்லித் தருகிறார்கள், நீ பட்டம் வாங்கி வந்து என்னிடம் காட்டுகிறாய்.

திங்கட்கிழமை அந்தப் பட்டியலைக் கொடுக்காதே. பதினொரு பேரையும் ஒவ்வொருவராகப் பார். கூட்ட அறைக்குக் கூப்பிடாதே, அவர்கள் நிற்கிற இடத்துக்குப் போ. எங்கே மாட்டிக்கொள்கிறது என்று கேள், அவர்கள் சொல்கிறபோது லேப்டாப்பை மூடி வை. அவர்கள் பெயரில் யார் யார் உள்ளே போகிறார்கள் என்றும் பார், என்னைப் போல ஒரு இன்சார்ஜ் அங்கேயும் இருப்பாள், அவள் உன் பச்சைப் பட்டியலில் முதல் பெயராக இருப்பாள். இதனால் உன் கம்பெனியில் உன்னை முறைப்பார்கள். வேறு ஆளை அனுப்பக்கூடச் செய்வார்கள். எனக்குத் தெரிந்துதான் சொல்கிறேன். அந்தப் பதினொரு பேருக்கும் வீட்டில் உன்னைப் போல ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருக்கும், தம்பி.

நேற்று, வியாழக்கிழமை, நான் கிள்ளைக்குப் போய்விட்டு வந்தேன். நடந்தது அத்தனையையும் என் கைப்பட எழுதி, அந்த மருத்துவமனைக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவதற்கு முன்னால், தேவகி அக்காவிடம் காட்ட எடுத்துக்கொண்டு போனேன். இப்போது அவர் புவனகிரியில் ஒரு சின்ன கிளினிக்குக்குப் போய்வருகிறார். கண் ஆபரேஷன் ஆகிவிட்டது. வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார், என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் நாற்காலியை இழுத்துப் போட்டார். காகிதத்தை நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதையும் நிதானமாகப் படித்தார். "ரெண்டாவது ஊசி ஒண்ணே முக்கா இல்ல. பதிவுல ஒண்ணு நாப்பது. மாத்திக்குங்க" என்று மட்டும் சொன்னார். பேனாவை எடுத்து மாற்றினேன். மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "பசைய நீங்க சரியா தொடைக்கல மேடம். மறுநாள் நான் டேப்ப எடுத்தப்ப வெரல்ல ஒட்டுச்சு. அப்பவே தெரியும் எனக்கு. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு ஒரு வருசம் பாத்தேன், அப்பறம் விட்டுட்டேன்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் எதிர்பார்த்துப் போனேன், கிடைக்கவில்லை, அது சரிதான்.

கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தார். "அப்ப ஒங்க பையன் இன்ஜினியரிங் படிச்சிட்டிருந்தான் இல்ல? இப்ப என்னா வேலை பாக்குறான்?" என்று கேட்டார். குத்திக் காட்டக் கேட்கவில்லை, வந்தவளை வழியனுப்புகிற பேச்சுதான். இத்தனை வருடமாக, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முகம் தெரியாத ஆட்களிடம்கூட, அவர்கள் கேட்காமலே உன் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தவள் நான். நேற்று தேவகி அக்காவின் வாசலில் எனக்கு வாய் வரவில்லை. ஏதோ கம்ப்யூட்டர் வேலை என்று முணுமுணுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டேன்.

உன் அம்மா